கட்டைவிரல் நகமளவு

ஒன்பதே கால் ஆகிறது. தங்கச்சி மகள் தாரிகா எட்டு மணி பஸ்ஸில் ஏறிவிட்டதாக மதுரையிலிருந்து செய்தி அனுப்பியிருக்கிறாள், அப்படியென்றால் பதினொன்றரைக்கு இந்த வாசலில் நிற்பாள், அதற்குள் பின்சக்கரத்தின் கோட்டத்தை எடுத்துவிட வேண்டும், சங்கிலியை மாட்ட வேண்டும், சீட்டைப் பூட்ட வேண்டும், இவ்வளவும் முடித்துவிட்டாலும் அந்த இடத்தை என்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை. சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தியிருக்கிறேன். உயர்ந்த கைப்பிடி இரண்டும் சிமெண்டுத் தரையில் ஊன்றிக்கொண்டு நிற்கின்றன. தலைகீழாக நிறுத்தியதில் ஒரு சௌகரியம், அந்த இடம் தரையைப் பார்த்துக்கொண்டிருக்கிறது, நான் பார்க்க வேண்டியதில்லை. சக்கரத்தைச் சுற்றிவிட்டால் ரிம் ஒரே ஒரு இடத்தில் தீக்குச்சியைத் தொடுகிறது. சர்க். ஒரு சுற்று. சர்க். கோட்டம் பார்க்க எத்தனையோ கருவி வந்துவிட்டது, எனக்கு இன்றைக்கும் கவட்டைக் கம்பியில் நூலால் கட்டிய தீக்குச்சிதான். தொடுகிற இடத்தில் நிறுத்தி, இந்தப் பக்கத்து ஆரக்கம்பியைக் கால் திருகு இறுக்கி, அந்தப் பக்கத்துக் கம்பியைக் கால் திருகு தளர்த்தி, மறுபடி சுற்றி, சர்க். அந்த இடம் என்று நான் சொல்வது மேல்குழாயில், கியர் கம்பிக்கு நாலு விரல் தள்ளி, கட்டைவிரல் நகமளவுக்கு இருக்கும் வெறும் இரும்பு. வியாழக்கிழமை காலைவரை அது வெறும் இரும்பாக இல்லை. ஆரஞ்சுப் பெயிண்டின் மேல் சம்பந்தமே இல்லாத ஒரு சிவப்புத் திட்டு இருந்தது, கொஞ்சம் தடிப்பாக, ஓரத்தில் ஒரு சொட்டு வழிந்து அப்படியே உறைந்து. எவனோ மெக்கானிக் கையில் கிடைத்ததைப் பூசித் தொலைத்திருக்கிறான் என்று நினைத்தேன். நினைத்ததோடு நிற்காமல் அவனை வாய்விட்டுத் திட்டவும் செய்தேன். பஞ்சில் தின்னரைத் தொட்டு, சுற்றியிருக்கிற பழைய பெயிண்டில் ஒரு கீறல் படாமல், ஐந்து நிமிடம் உட்கார்ந்து துடைத்து எடுத்தேன். அவ்வளவு பொறுமை எனக்கு மனிதர்களிடம் இருந்ததில்லை என்று செலின் சொல்வாள், அவள் என்னோடு முப்பது வருடம் குடித்தனம் நடத்துகிறவள், சொல்ல உரிமை உள்ளவள்.

துடைத்ததைப் படம் வேறு எடுத்து வாட்ஸப் குழுவில் போட்டேன், முன், பின் என்று இரண்டு படம். பழைய சைக்கிள்களைச் சரிபண்ணுகிறவர்கள் நூற்றிப் பத்து பேர் இருக்கிற குழு அது. திருச்சி, கோயம்புத்தூர், கொழும்பில்கூட ஒருவர். புதுசு மாதிரி ஆக்குகிறவர்களுக்கு அங்கே மரியாதை கிடையாது. துரு போகலாம், வயசு போகக் கூடாது, இதுதான் எங்கள் வேதம். நாற்பது வருட வெயில் மங்க வைத்த பெயிண்ட், கை பட்டுப் பட்டு வெளுத்த பிடி, கால் உரசி உரசி இரும்பு தெரியும் பெடல், இதையெல்லாம் பாட்டினா என்பார்கள். இதைத் தொடக் கூடாது. உள்ளே இருக்கிற பால்ரஸ், அச்சு, வயர் எல்லாம் மாற்றலாம், எலும்பைச் சரிபண்ணு, தோலைத் தொடாதே. போன வருடம் ஒருவர் உப்பும் வினிகரும் போட்டு ஒரே வாரத்தில் துரு ஏற்றி, ஐம்பது வருடப் பழசு என்று படம் போட்டார். கண்டுபிடித்தவன் நான். குழுவை விட்டு நீக்கச் சொன்னவனும் நான்தான். காலம் வைக்காததை நாம் வைக்கக் கூடாது என்று பெரிய பிரசங்கமே எழுதினேன், அதற்கு அத்தனை பேர் கை தட்டினார்கள். வியாழக்கிழமையும் தட்டினார்கள். ரெஜிஸ் அண்ணன் கை யாருக்கு வரும் என்றார் கொழும்புக்காரர். நான் அன்று முழுக்க அந்தக் கைதட்டலைத் திறந்து திறந்து பார்த்தேன். வெள்ளிக்கிழமை சாயங்காலம், அதாவது நேற்று, தாரிகா போன் பண்ணினாள்.

"மாமா, நாளைக்குக் காலையில வர்றேன். ஒண்ணு கேக்கணும், சிரிக்கக் கூடாது. அந்தச் சைக்கிள்ல எங்கயோ ஒரு எடத்துல சிவப்பா ஒரு பொட்டு இருக்கா? நெயில் பாலிஷ். அம்மா வச்சது. உங்களுக்கே தெரியாதாமே? ஆஸ்பத்திரியில கடைசி மாசத்துல சொன்னாங்க, சொல்லிட்டு அப்படிச் சிரிச்சாங்க. எனக்கு அதை மட்டும் பாத்தாப் போதும் மாமா." நான் என்ன சொன்னேன். ஆமா இருக்கு என்றேன். இருக்கு. வாய் தானாகச் சொல்லிவிட்டது. அவள் சந்தோஷப்பட்டாள், நான் போனை வைத்துவிட்டு மாதா படத்துக்கு முன்னால் கொஞ்ச நேரம் நின்றேன், ஜெபம் எதுவும் வரவில்லை.

சர்க். இன்னும் தொடுகிறது. தொடுகிற இடம் இப்போது நாலு கம்பி தள்ளிப் போயிருக்கிறது, ஒன்றை இழுத்தால் இன்னொன்று விலகும், பொறுமையாகப் போக வேண்டும். இந்தச் சைக்கிள் வந்தபோது எனக்குப் பதினான்கு வயது, தங்கச்சி எமிக்குப் பன்னிரண்டு. எமரன்சியா என்று பெயர், வீட்டில் எமி. அப்பா வெளிநாட்டுக் கப்பலில் சமையல்காரர். எந்தத் துறைமுகத்தில் வாங்கினாரோ, சாக்கில் சுற்றிக் கொண்டுவந்து முற்றத்தில் பிரித்தார். தூத்துக்குடி அதுவரை அப்படி ஒன்றைப் பார்த்ததில்லை. முன்சக்கரம் சின்னது, பின்சக்கரம் பெரியது, வாழைப்பழம் மாதிரி வளைந்த நீள சீட்டு, நடுவில் காரில் இருக்கிற மாதிரி ஒரு கியர் கம்பி, மாட்டுக்கொம்பு போலக் கைப்பிடி. தெருவில் அதற்கு மாட்டுக்கொம்பு என்றே பெயர் விழுந்துவிட்டது. பீச் ரோட்டில் நான் போனால் பின்னால் பத்துப் பேர் ஓடிவருவார்கள். அப்பா இரண்டு பேருக்கும் என்றுதான் சொன்னார். எனக்கு அது நன்றாகக் கேட்டது. கேட்கவில்லை என்று வைத்துக்கொண்டேன். எமி அரைமணி நேரம் அழுதாள், பிறகு என் பின்னால் அந்த நீள சீட்டில் உட்கார மட்டும் அனுமதி வாங்கிக்கொண்டாள். அதற்கும் நிபந்தனை, சீட்டில் கால் படக் கூடாது, கியரைத் தொடக் கூடாது, பேசக் கூடாது. பேசக் கூடாது என்று ஏன் சொன்னேன்? அவள் பேசினால் என்ன, சைக்கிள் தேய்ந்தா போகும்? அவளுக்கு நல்ல குரல். கோயிலில் எட்டு மணிப் பூசைக்கு அவள்தான் பாடுவாள்.

"என்னங்க, அந்தப் பிள்ளை மீன் திங்குமா? சனிக்கிழம வேற. சீலா வாங்கி வச்சிருக்கேன், அவுக அப்பா வீட்டுல சனிக்கிழம கவிச்சி ஆகாதுன்னா என்ன செய்ய?" செலின் அடுப்படியிலிருந்து கேட்கிறாள். தெரியல என்றேன். "தாய்மாமனுக்குத் தெரியலன்னா தெருவுல போறவனுக்கா தெரியும்?" என்று சொல்லிவிட்டு, சொன்னது அதிகமோ என்று நினைத்தாளோ என்னவோ, வாசல்வரை வந்து எட்டிப் பார்த்தாள். "முகம் ஏன் இப்படி இருக்கு? ராத்திரி பூரா பொரண்டுக்கிட்டே கெடந்திய. அந்தத் துருவைக் குளிப்பாட்டி எண்ணெய் போடுத கவனத்துல பாதி எம்மேல இருந்திருந்தா நான் இன்னைக்கு ராணி." நான் அடுத்த கம்பியைத் திருகினேன். அவள் உள்ளே போனாள்.

தாய்மாமன். தாரிகா பெரியமனுஷி ஆனபோது மஞ்சள் தடவிய பத்திரிகை வந்தது. தங்கச்சி மாப்பிள்ளையின் பெயருக்குப் பக்கத்தில் எமரன்சியா என்று போட்டிருந்தது, தாய்மாமன் என்ற இடத்தில் என் பெயரை அச்சடித்திருந்தார்கள். என்னைக் கேட்காமலே. சேலை, மாலை, தட்டு எல்லாம் எடுத்துக்கொண்டு மாமன் வந்து நின்றால்தான் அந்தச் சடங்கு, அவர்களும் அப்படித்தான், நாங்களும் அப்படித்தான், அதில் மட்டும் எந்த மதத்துக்கும் வித்தியாசம் கிடையாது. நான் போகவில்லை. பத்திரிகையைக் கரண்ட் பில் கம்பியில் குத்தி வைத்தேன். யாரோ ஒரு பக்கத்து வீட்டுக்காரர் மாமன் இடத்தில் நின்று மாலை போட்டாராம். இதெல்லாம் எதற்காக? எமி வேற்று மதத்துப் பையனைக் கட்டிக்கொண்டாள் என்பதற்காக. அப்பா போய்ச் சேர்ந்திருந்தார், வீட்டுக்கு ஆம்பிளை நான், ஊர் கேட்டதை எல்லாம் ஊருக்கு முந்திக்கொண்டு நானே கேட்டேன். கேட்டைப் பிடித்துக்கொண்டு, இனி உனக்கு அண்ணன் கிடையாது என்றேன். அவள் அழவில்லை. சரி என்றாள். சரி என்று சொல்கிற பிள்ளை இல்லை அவள், ஒன்றுக்கு ஒன்பது பேசுவாள். இன்றைக்கு இந்தச் சைக்கிளைத் தாரிகாவுக்குக் கொடுப்பதே பதினைந்து வருடம் பிந்திய சீர் என்றுதான் மனசுக்குள் வைத்திருந்தேன், யாரிடமும் சொல்லவில்லை, சொன்னால் சிரிப்பார்கள்.

சர்க் என்ற சத்தம் இப்போது மெலிந்துவிட்டது. மணி ஒன்பது ஐம்பது. சாக்பீஸ். அதை நினைக்காமல் இருக்கப் பார்க்கிறேன், முடியவில்லை. நான் பள்ளிக்கூடம் போகும்போது சைக்கிளை முற்றத்தில் நிறுத்தி, இரண்டு டயரும் தரையைத் தொடுகிற இடத்தில் சாக்பீஸால் கோடு போட்டுவிட்டுப் போவேன். சாயங்காலம் வந்ததும் முதல் வேலை குனிந்து கோட்டைப் பார்ப்பது. துறைமுகத்தில் சரக்குக்குக் கோடு போட்டு எண்ணுகிற வேலை எனக்குப் பின்னால் கிடைத்தது தற்செயல் இல்லை, பிறவியிலேயே கணக்குப்பிள்ளை நான். ஒருநாள் முன்டயர் கோட்டிலிருந்து இரண்டு விரல் விலகியிருந்தது. எடுத்தியா என்றேன். இல்லை என்றாள். எடுத்தியா. இல்லை. காற்றடிக்கிற பம்ப் கையில் இருந்தது, அதாலேயே அவள் புறங்கையில் அடித்தேன், மணிக்கட்டுக்குக் கீழே. பித்தளை பம்ப். ஒரு வாரம் வீங்கியிருந்தது, கதவில் நசுங்கிவிட்டது என்று அம்மாவிடம் அவளே பொய் சொன்னாள், என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. அதற்குப் பிறகு கோடு ஒருநாளும் விலகவில்லை, நானும் திருந்திவிட்டாள் என்று நினைத்தேன். எங்கே திருந்தினாள். தாரிகா நேற்றுச் சொன்ன கதைப்படி, அடி வாங்கிய அதே மாதத்தில் மறுபடி எடுத்திருக்கிறாள், பல தடவை, எனக்குப் பரீட்சை நடந்த நாட்களில். ரயில்வே கேட்டைத் தாண்டிப் போயிருக்கிறாள், கியர் போட்டிருக்கிறாள், கையை விட்டு ஓட்டக்கூடப் பழகியிருக்கிறாள். கொண்டுவந்து கோட்டின் மேல் மயிரிழை பிசகாமல் நிறுத்தியிருக்கிறாள். ஒருநாள் உப்பு மூட்டை வண்டிக்கு வழிவிட்டு விழுந்து, மேல்குழாயில் பெயிண்ட் பெயர்ந்துவிட்டது. பக்கத்து வீட்டு நர்ஸ் பிளான்டினா அக்காவிடம் ஓடிப்போய் நெயில் பாலிஷ் வாங்கி, எங்கள் அம்மா வீட்டுக்குள் விடாத பொருள் அது, அதை அந்த வெறும் இரும்பின் மேல் பூசிவிட்டு, நான் வருகிற வரைக்கும் முற்றத்தில் நின்று வாயால் ஊதிக்கொண்டே இருந்தாளாம். நிறம் ஒத்தே போகவில்லை. ஆரஞ்சுக்கு மேல் ரத்தச் சிவப்பு. நான் எப்படிப் பார்க்காமல் போனேன்? கோட்டைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன், அதனால்தான்.

"உங்க அண்ணன் அவ்வளவு மோசமானவராம்மான்னு கேட்டேன் மாமா," என்று தாரிகா சொன்னாள், "ஆமாடி, ஆனா சைக்கிளை மட்டும் பாப்பாவத் தொடைக்கிற மாதிரித் தொடைப்பான்னாங்க." அதைச் சொல்லும்போது இவளும் சிரித்தாள். அந்தப் பொட்டு மட்டும் இருந்திருந்தால் நானும் கூடச் சிரித்திருப்பேன்.

அம்மா இறந்த அன்று எமி வந்தாள். இரண்டாயிரத்து மூன்று. பெட்டியை எடுத்தபிறகு பெண்கள் எல்லாம் உள்ளே இருந்தார்கள், அவள் மட்டும் கொல்லைப்புறம் வந்தாள். ஆஸ்பெஸ்டாஸ் ஓட்டுக்குக் கீழே சைக்கிள் சாய்ந்து கிடந்தது, டயர் மக்கி, சீட்டில் பூனை படுத்து. நான் கல்லறையிலிருந்து வந்து கால் கழுவிக்கொண்டிருந்தேன். அவள் குனிந்து மேல்குழாயை நோக்கிக் கையைக் கொண்டுபோனாள். நேராக அந்த இடத்துக்கு. இப்போதுதான் புரிகிறது, அப்போது அவள் தேடியது எதை என்று. நான் சொன்னேன், தொடாத, துரு ஒட்டும். ஒன்பது வருடத்துக்குப் பிறகு தங்கச்சியிடம் பேசிய பேச்சு இது, கடைசிப் பேச்சும் இதுதான். அவள் கையை எடுத்துக்கொண்டாள். அன்றைக்கு ஒரு நிமிடம் வாயை மூடிக்கொண்டு நின்றிருந்தால், அவளே காட்டியிருப்பாள், அண்ணா இதைப் பாத்தியா என்று கேட்டிருப்பாள், அவளால் ரகசியத்தை வைத்துக்கொள்ளவே முடியாது, முப்பத்தைந்து வயதில் பயமும் போயிருக்கும். இந்தப் பிப்ரவரியில் எமி போய்விட்டாள் என்று போன் வந்தபோது, பஸ் ஸ்டாண்டில் மூன்று மதுரை பஸ்ஸை விட்டுவிட்டு நான்காவதில் ஏறினேன். போனதும் முதலில் யார் முகத்தைப் பார்ப்பது, யார் கையைப் பிடிப்பது என்று யோசித்துக்கொண்டு நின்றேன். போய்ச் சேர்ந்தபோது மின்மயானத்தில் கதவை மூடியிருந்தார்கள். அந்தக் கதவுக்கு முன்னால் ஒரு ஸ்டீல் பெஞ்சில் தாரிகா உட்கார்ந்திருந்தாள், என்னை யாரென்று தெரியாமல் கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டாள். அதற்கடுத்த வாரம்தான், அவளுக்குக் கொடுப்பதற்கென்று, சைக்கிளை வெளியே எடுத்தேன்.

சத்தம் நின்றுவிட்டது. சக்கரம் தீக்குச்சியைத் தொடாமல் சுற்றுகிறது. மணி பத்து பத்து. இனி சைக்கிளை நிமிர்த்தியாக வேண்டும், நிமிர்த்தினால் அது தெரியும். நிமிர்த்தினேன். தெரிகிறது. சுத்தமாகத் துடைத்து, துருப்பிடிக்காமல் இருக்க மெழுகு தேய்த்து, அவ்வளவு நேர்த்தியாக. உள்ளதைச் சொல்லிவிடலாம். வாம்மா, உங்க அம்மா வச்சதை நான் தின்னர் போட்டுத் தொடச்சுட்டேன். சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? ஒரு நிமிடம்கூட ஆகாது. ஆனால் அவள் அதைப் பார்க்கத்தான் மூன்றரை மணி நேரம் பஸ்ஸில் வருகிறாள், சைக்கிளுக்காக வரவில்லை, எனக்காக நிச்சயம் வரவில்லை. தெரியாமல் செய்ததுதானே என்று யாராவது சொல்லலாம். அப்படிச் சொல்கிறவர்கள் குழந்தைகள். நான் செய்ததெல்லாமே தெரியாமல் செய்ததுதான், அதுதானே என் வண்டவாளம். துடைத்த பஞ்சு குப்பையில் கிடக்குமா என்று நேற்று ராத்திரி தேடினேன், வெள்ளிக்கிழமை காலையிலேயே முனிசிபாலிட்டி வண்டி வந்து அள்ளிப்போய்விட்டது. பத்து இருபது. போனை எடுத்து வியாழக்கிழமை போட்ட முதல் படத்தைத் திறந்தேன். முன். அதை விரலால் பெரிதாக்கினேன். சிவப்பு. அதில் தூரிகைமயிரின் கோடுகள்கூடத் தெரிகின்றன, நாலு கோடு, அவசரமாக இழுத்தது. செலினிடம் கடைக்குப் போய்விட்டு வருகிறேன் என்று மட்டும் சொன்னேன்.

ஃபேன்சி ஸ்டோரில் இந்த வயதில் தனியாகப் போய் நிற்பது எப்படி இருக்கும் என்று எனக்கு இதுவரை தெரியாது. வளையல், ரிப்பன், கிளிப் எல்லாம் பளபளவென்று தொங்குகிற இடத்தில், கிரீஸ் கறையோடு சட்டை. கடையில் இருந்த பெண் சின்னச் சின்னக் குப்பிகள் அடுக்கிய அட்டைப்பெட்டியைத் தூக்கி முன்னால் வைத்தாள். இவ்வளவு சிவப்பு உலகத்தில் இருக்கிறதா? படத்தைப் பக்கத்தில் வைத்து ஒவ்வொரு குப்பியாக வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். ஒன்று கத்தரிப்பூப் பக்கம் சாய்கிறது, ஒன்று செங்கல், ஒன்றில் மினுமினுப்பு. "யாருக்கு அங்கிள், மேடத்துக்கா?" என்றாள். தங்கச்சிக்கு என்றேன். "அவங்க செவப்பா, கருப்பா?" எமி மாநிறம். "மாநிறம்," என்றேன். "அப்ப இது நல்லா எடுப்பா இருக்கும்," என்று ஒன்றை எடுத்துக் கொடுத்தாள். அது படத்தில் இருந்த சிவப்பேதான், கிட்டத்தட்ட. வாங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு நடந்தேன், தெருவில் யாரோ வணக்கம் சொன்னார்கள், யாரென்று பார்க்கவில்லை. ஒரு தடவையாவது அவளுக்கு நான் ஏதாவது வாங்கிக் கொடுத்திருக்கிறேனா? ஒரு தடவைகூட இல்லை, இதுதான் முதல்.

பத்து ஐம்பது. மெழுகை முதலில் எடுக்க வேண்டும், இல்லாவிட்டால் ஒட்டாது. எடுத்தேன். குப்பியைத் திறந்ததும் அந்த நெடி, மூக்கில் ஏறிக் கண்ணில் நீர் வந்தது, நெடிதான் காரணம் என்று வைத்துக்கொள்வோம். ஒருமுறை இழுத்தேன். மெல்லியதாக, நாகரிகமாக இருந்தது, படத்தில் இருக்கிறது அப்படி இல்லை. அவள் பயத்தில் பூசியவள், மொத்தமாக அப்பியிருக்கிறாள். நானும் அப்பினேன். மேலே ஒன்று, அதற்கு மேலே ஒன்று. வழிந்த சொட்டைக் குச்சியால் இழுத்து ஓரத்தில் நிறுத்தினேன். பளபளப்பைக் கொல்ல என்ன செய்ய வேண்டும் என்பது எனக்குத்தான் தெரியுமே, கள்ளன் பிடிக்கிறவனுக்குக் களவு தெரியாதா. கொஞ்சம் காய்ந்ததும் தேயிலைத் தண்ணீர் தொட்ட துணியால் ஒற்றி, மேலே மெல்லிய தூசியை ஊதிவிட்டால் நாற்பது வருடம் ஏறிவிடும். குழுவில் இருக்கிற எவனும் கண்டுபிடிக்க மாட்டான். நான் கண்டுபிடிப்பேன். டேபிள் ஃபேனை இழுத்து வைத்தேன், கடல்காற்றில் எதுவும் சீக்கிரம் காய்வதில்லை, இந்த ஊரில் உப்பைத் தவிர. சங்கிலியை மாட்டினேன், சீட்டைப் பூட்டினேன், ஒவ்வொரு நிமிடமும் திரும்பித் திரும்பி அதைப் பார்த்தேன். குனிந்து ஊதினேன். ஃபேன் போதாதென்று வாயாலும் ஊதினேன். அப்படிக் குனிந்து ஊதிக்கொண்டிருந்தபோது, எமி இதே இடத்தில் இதே மாதிரி நின்றிருப்பாள் என்று தோன்றியது, கேட் திறக்கிற சத்தத்துக்குக் காதைக் கொடுத்துக்கொண்டு, அண்ணன் வருகிறானா என்று. பன்னிரண்டு வயதுப் பிள்ளை ஒரு சைக்கிளுக்காகவா அப்படிப் பயந்தாள், எனக்காகத்தான் பயந்தாள். கேட் திறந்தது.

"மாமா, பஸ் சீக்கிரம் வந்துருச்சு." தாரிகாதான். பதினொன்று பத்து. பேங்கில் வேலை பார்க்கிற இருபத்தெட்டு வயதுப் பெண், கண்ணாடி, தோளில் பை. எமியின் ஜாடை ஒரு பொட்டுக்கூடக் கிடையாது, முழுக்க அப்பாவைக் கொண்டிருக்கிறாள், அந்த மட்டுக்கு நான் தப்பித்தேன். செலின் ஓடிவந்து கையைப் பிடித்துக்கொண்டு, "வாம்மா, வா, மீன் திம்பியா, முதல்ல அதச் சொல்லு," என்றாள். "ஐயோ, அம்மா மீன் இல்லாம சோறே போட மாட்டாங்க அத்தை," என்றாள். செலின் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு உள்ளே போனாள். தாரிகா சைக்கிளை ஒரு சுற்றுச் சுற்றி வந்தாள். வெளுத்த பிடியைத் தொட்டாள், நீள சீட்டின் பின்பாதியைத் தடவினாள், அங்கேதான் எமி உட்காருவாள், அதை நான் சொல்லவில்லை, அவளுக்கே தெரிந்திருந்தது. பிறகு குனிந்தாள். "இதுவா மாமா?" இதுதான் என்றேன். "இவ்வளவு பெருசா வச்சிருக்காங்க," என்று சிரித்தாள், சிரித்துக்கொண்டே கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்தாள். தொடாதே என்று வாய்வரை வந்துவிட்டது. அதே வார்த்தை. அதை மட்டும் சொல்லக் கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டேன், அதற்குள் அவள் ஆட்காட்டி விரலை அதன் மேல் வைத்துவிட்டாள்.

எடுத்தபோது விரலோடு வந்தது. பொட்டில் விரல் ரேகை பதிந்து, நடுவில் ஒரு நூல் மாதிரி இழுபட்டு அறுந்தது. அவள் விரலைப் பார்த்தாள். தரையில் கிடந்த குப்பியைப் பார்த்தாள், அதை எடுத்து ஒளிக்கக்கூட எனக்குத் தோன்றியிருக்கவில்லை. ஃபேனைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். ஒரு கணம்தான். கையை மடக்கித் துப்பட்டாவுக்குள் கொண்டுபோய், அங்கிருந்து முதுகுக்குப் பின்னால் கொண்டுபோய், ஒரு எட்டு தள்ளி நின்றுகொண்டு, முகத்தைச் சரிபண்ணிக்கொண்டு சொன்னாள்: "அப்படியே இருக்கு மாமா. அம்மா சொன்ன மாதிரியே." குரல் பிசகவில்லை. நன்றாகத்தான் பொய் சொன்னாள். என் கோபத்துக்கு அஞ்சி அப்படிச் சொன்னாளா, கிழவன் பாவம் என்று சொன்னாளா, எனக்குத் தெரியவில்லை. ஆனால் மறைத்த கையை நான் பார்த்தேன். இந்த முற்றத்தில் ஒரு பெண்பிள்ளை என்னிடமிருந்து கையை மறைத்துக்கொண்டு நிற்கிறது, இதற்காகவா நான் ஏழு மாதம் உட்கார்ந்து இந்தச் சைக்கிளைச் சரிபண்ணினேன்? அது நான் வைத்ததும்மா, உங்கம்மா வைத்ததை நான் துடைத்துவிட்டேன், தெரியாமல் துடைத்துவிட்டேன் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். வார்த்தை எல்லாம் அடுக்கி வைத்திருந்தேன். வந்தது வேறு.

"நான் அடிக்க மாட்டேம்மா," என்றேன்.

தாரிகா புரியாமல் பார்த்தாள். நான் அழுதுகொண்டிருக்கிறேன் என்பது அவள் பார்வையில்தான் எனக்குத் தெரிந்தது. உள்ளே செலின் மீனுக்குத் தாளித்துக்கொண்டிருந்தாள். பிறகு தாரிகா முதுகுக்குப் பின்னால் இருந்த கையை மெதுவாக முன்னால் கொண்டுவந்து, என் பக்கம் நீட்டி, விரித்துக் காட்டினாள்.